கம்பி ஒடிந்த கண்ணாடி

ஜூன் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு பெண் கண் பரிசோதனைக்கு வந்தாள். கூட வந்த அவளுடைய அப்பா உள்ளே வரவில்லை. வாசலில் சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

கடைக்காரர் அந்த நேரத்தில் கடையில் இருக்கிற வழக்கம் இல்லை. திங்கட்கிழமைகளில் அவர் லென்ஸ் தேய்க்கும் பட்டறைக்குப் போய்விடுவார். மனைவி மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து கடையைப் பார்த்துக்கொள்வார். கண் பார்த்து பவர் சொல்லும் அளவுக்கு அவருக்கும் வேலை பழகியிருந்தது. அன்று பட்டறையில் மின்சாரம் இல்லை என்று பாதி வழியில் தகவல் வந்தது. கடைக்காரர் திரும்பி வந்து தானே ஷட்டரைத் தூக்கினார். மனைவி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கணவர் திரும்பிவிட்டது அவருக்குத் தெரியாது.

"அம்மா இல்லீங்களா? வரச் சொல்லியிருந்தாங்க" என்றாள் பெண்.

"இன்னைக்குக் கடைக்கு நான்தான் அம்மா. உட்காரு."

அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பதினெட்டு வயது இருக்கும். கல்லூரியில் சேர மருத்துவச் சான்று கேட்டார்களாம். அதற்காகப் போன இடத்தில் பார்வை குறைவு என்று சொல்லிவிட்டார்களாம். என்ன படிப்பு என்று பேச்சுக்குக் கேட்டார். பிசியோதெரபி என்றாள். எந்தக் கல்லூரி என்று கேட்டார். அவள் சொன்னதும், லென்ஸ் பெட்டியைத் திறக்கப்போன அவருடைய கை அப்படியே நின்றது.

"நீ ராக்கெட்டா?"

"அந்தப் பேர் உங்க வேலைதான்னு அம்மா சொன்னாங்க. அப்ப அந்த சார் நீங்கதானா?"

மகள் இறந்த பிறகு, அந்தக் கடை பல மாதங்கள் மூடிக் கிடந்தது. மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சாலையைக் கடக்கும்போது லாரி மோதிவிட்டது. வழக்கு முடிந்த ஆண்டில் ஒருநாள் மனைவி, ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை நாம் ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்போதெல்லாம் மனைவி எது கேட்டாலும் கடைக்காரர் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். யார் பிள்ளை என்று கேட்கத் தோன்றவில்லை. ஏழைக் குடும்பம், பள்ளித் தலைமையாசிரியை மூலமாகத் தெரியவந்தது என்று மனைவி சொன்னதோடு சரி. நேரில் பார்க்க வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். பார்த்தால் பிள்ளை கூனிக் குறுகிப் போகும் என்றார். அது நியாயமாகவே பட்டது.

முகம் தெரியாத அந்தப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அவர் நாளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தேர்விலும் மதிப்பெண் மேலே போனதால் ராக்கெட் என்று பெயர் வைத்தார். ஒரு வருடம் கணக்கில் சறுக்கியபோது, "ராக்கெட்டுக்குப் பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று மனைவியிடம் கோபித்துக்கொண்டார். கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம், நம்ம பொண்ணு ஒண்ணு படிக்குது என்று அவராகவே ஆரம்பிப்பார். சிலர் அவருக்கு இன்னொரு மகள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை. கல்லூரியில் கட்டணத்துக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட ஒருவர் நேரில் வர வேண்டும் என்று தெரிந்ததும், நானே வருகிறேன் என்று சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார். மறுநாள்தான் கடைசி நாள். அதற்குள் ராக்கெட் தானாகவே கடைக்கு வந்து இறங்கிவிட்டது.

லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகும் வட்டச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார். இடது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மறைத்தார்.

"எந்த வரி வரைக்கும் தெரியுது?"

"பலகை தெரியுது சார்."

"பலகை எனக்கும் தெரியுது. எழுத்து?"

"அது இருக்குன்னு நம்பறேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை நாள் எப்படித்தான் கரும்பலகையைப் பார்த்தாய் என்று கேட்டார். பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதினேன், அவள் தப்பாக எழுதினால் எனக்கும் தப்பு, அந்தக் கணக்குப் பரீட்சையும் அப்படிப் போனதுதான் என்றாள். வலது கண்ணுக்கு லென்ஸ் பொருந்தியது. கடைசி வரிக்கு முந்தின வரியைத் தடங்கலில்லாமல் படித்தாள்.

"வெளிய நிக்கிறது அப்பாதானே? உள்ள வரச் சொல்லும்மா. வெயில்ல என்ன வேண்டுதலா?"

"வர மாட்டாரு சார். கூச்சம். அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தாரு."

கடைக்காரர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். அவருக்கு முதுகைக் காட்டியபடி ஒல்லியான ஒரு மனிதர் நின்றிருந்தார். நரைத்த தலை. சட்டைக் காலருக்கு மேலே, பிடரியில், ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல ஒரு பள்ளம்.

வழக்கு நடந்த காலம் முழுவதும் நீதிமன்றத்தில் அவரும் மனைவியும் உட்கார்ந்தது பின்பெஞ்சில். முன்னால் நின்றவனின் முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. பிடரியைத்தான் பார்த்தார். வாய்தா வாய்தாவாக அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விபத்தன்று அந்த ஓட்டுநருடைய கண்ணாடி அவன் சட்டைப் பையில் இருந்தது என்று ஒருநாள் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் அதன் கம்பி ஒடிந்துவிட்டதாம். சரிபண்ண நேரமில்லையாம். அன்றிலிருந்து இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பி ஒடிந்த கண்ணாடி யார் கொண்டு வந்தாலும், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவர்களை உட்காரவைத்து அப்போதே சரிசெய்து மாட்டி அனுப்புவார். காசு வாங்கமாட்டார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். சத்தம் கேட்டு அந்த மனிதர் திரும்பினார். எதிரே இருப்பவர் யார் என்று பிடிபடாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது.

"சார்... நீங்க இருக்க மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

கடைக்காரருக்கு அந்த வாக்கியம் முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அவர் கையில் இடது கண்ணுக்காக எடுத்த லென்ஸ் இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேருந்துகளின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. இந்த ஆளைக் கண்டு வந்த அதிர்ச்சி ஒன்று. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று வந்து நின்றது. அம்மா சொன்னாங்க. அப்படியென்றால் மனைவிக்குத் தெரியும். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அவரிடம் வாசித்துக் காட்டியபோதும் தெரியும். அவர் ராக்கெட் என்று சொல்லிச் சிரித்தபோது, அவளும் சிரித்தாளே, அப்போதும் தெரியும்.

பக்கத்துப் படிக்கட்டில் மனைவி இறங்கி வந்தார். கையில் காலி வாளி. இருவரையும் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"எப்பலேர்ந்து?" என்றார் கடைக்காரர்.

"முதல்லேர்ந்தே."

"என்கிட்ட..."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

மனைவி வாளியைப் படியில் வைத்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"திட்டத்தாங்க போனேன். இவர் ஜெயிலுக்குப் போன மறு வாரம். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுட்டு வரணும்னு போனேன். வீட்டுல பெரியவங்க யாருமே இல்ல. இது மட்டும் இருந்துச்சு, ஏழு வயசு. யாரு என்னன்னு கேக்கல. ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பார்த்துட்டு நின்னுட்டு, ஆன்ட்டி உங்களுக்கு வகுத்தல் தெரியுமான்னு கேட்டுச்சு."

"நீ?"

"சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்."

ஓட்டுநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பாவுக்குத் தெரியாதுங்க. நான் ஒரு பிள்ளையை அடிச்சுட்டேன்னு தெரியும். அது யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாது. நீங்க சொன்னா சொல்லுங்க சார். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. நாளைக்கு நீங்க கையெழுத்துக்கு வரலேன்னாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார், இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வட்டச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடி, ஒரு கண் லென்ஸுக்குப் பின்னால் சிறியதாகத் தெரிந்தது. வெளியே பேசியது எதுவும் பேருந்துச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்கள் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைக்காரர் மனைவியைத் தாண்டி உள்ளே போனார். லென்ஸைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார். கறுப்புத் தகட்டை வலது பக்கம் மாற்றினார்.

"படிம்மா."

அவள் படித்தாள். இடையில் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொன்னாள். வேறு லென்ஸ் போட்டார். சரியாகச் சொன்னாள். அவருடைய குரல் மாறியிருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. பவரை எழுதினார். சட்டம் எது வேண்டும் என்று கேட்டார். விலை குறைந்ததைக் காட்டினாள். அதற்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்து வைத்தார்.

"நாளைக்குக் காலையில காலேஜ் வாசல்ல நில்லு. நான் வந்துடறேன்."

"தேங்க்ஸ் சார்." எழுந்தவள், எதையோ நினைத்துக்கொண்டு பையைத் துழாவினாள். "அப்பாவோட கண்ணாடி. கம்பி ஒடிஞ்சு நூல் சுத்தி வெச்சிருக்காரு. இந்தக் கடையில உடனே சரி பண்ணிக் குடுப்பாங்கன்னு அம்மா ஒரு தடவை சொன்னாங்க."

மேசைமேல் வைத்தாள். கறுப்பு நூல், பல தடவை பிரித்துச் சுற்றியதில் பிசிர் பிசிராக நின்றது. கதவருகே நின்ற மனைவி கணவரின் கையைப் பார்த்தார். கை மேசையின் விளிம்பிலேயே இருந்தது.

"வெச்சுட்டுப் போம்மா" என்றார்.

அப்பாவும் மகளும் சாலையோரம் போய் நின்றார்கள். மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிலையத்திலிருந்து வண்டிகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். என்ன தெரிந்ததோ, ஒரு காலை முன்னால் வைத்தார். மகள் பின்னுக்கு இழுத்தாள். ஒரு லாரி அவர்களை மறைத்துக்கொண்டு போனது. அது நீளமான லாரி. கடைக்காரர் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். லாரி போனபின் இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். பிறகு மெதுவாகக் கடந்து போனார்கள்.

மனைவி படியில் வைத்த வாளியை எடுத்துக்கொண்டார். பிறகு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையில் கல்லூரிக்குப் போய், பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு இடம் உறுதியானது. வியாழக்கிழமை அவளுடைய கண்ணாடி தயாராகி, உறையில் போட்டு வைக்கப்பட்டது.

நூல் சுற்றிய கண்ணாடி அப்போதும் மேசைமேல் அப்படியே இருந்தது.