எல்லை மண்

கட்டிலுக்கு அடியிலிருந்த நீலப் பையை வெளியே இழுத்து, உள்ளே கைவிட்டு, அடித்துணியை வெளிப்பக்கமாகப் புரட்டிக் காட்டினான் வெற்றிசெல்வன். துணி ஒரு சாண் நீளத்துக்குப் பிளேடால் நேராக அறுக்கப்பட்டிருந்தது. அறுப்பின் ஓரத்தில், மகளின் பள்ளிச் சீருடைக்கு வாங்கிய பச்சை நூல் இரண்டு தையல் அளவுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் பறித்த மல்லிகை மொட்டுகளை மடியிலிருந்து கூடைக்குக் கொட்டிக்கொண்டிருந்த செல்வராணியின் கை நின்றுவிட்டது.

"இதத் தச்சது நீதானே?"

அவன் குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கப்பலிலிருந்து திரும்பிய இந்த ஐந்து மாதத்தில் அவன் எதற்குமே கோபப்படவில்லை. கீரமங்கலத்துப் பூக் கமிஷன் கடைக்கு மூட்டை தூக்கப் போனான், வந்தான், தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். மகள் ஏதாவது கேட்டால் சற்றுக் கழித்துத்தான் அவள் பக்கம் திரும்பினான். வெளிநாட்டுக்குப் பேசும்போது நம் குரல் போய்ச் சேர நேரமாகுமே, அதுபோல. செல்வராணி தலையை மட்டும் அசைத்தாள். அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னது பொய் என்றான்.

கப்பல் என்று அவன் சொல்லும்போதெல்லாம் ஆரம்பத்தில் அவள் பெரிதாக எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் காட்டியபோதுதான் தெரிந்தது, அது மணமேல்குடிக் கரையில் நிற்கும் விசைப்படகுகளில் ஒரு மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டிய அளவுதான். வெள்ளை வெளேரென்று இருந்தது. விருந்தாளிகள் பதினாறு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்களாம். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே நடுக்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு அவர்களைக் கூட்டிப்போய், ஆமைகளையும் பறவைகளையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே கடை இல்லை, தெரு இல்லை, பார்ப்பதற்குக் கோயில் கோபுரம் ஒன்றுகூட இல்லை. இதற்கா இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று அவள் கேட்டபோது அவன் சிரித்தான்.

அறைகளைச் சுத்தம் செய்வதும் சாப்பாடு பரிமாறுவதும் அவன் வேலை. அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. தீவில் இறங்குவதற்கு முன் எல்லோருடைய செருப்பையும் ஷூவையும் மேல்தளத்தில் வரிசையாக வைத்துக் கழுவுவான். அடிப்பள்ளத்தில் ஒட்டிய மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பான். கால்சட்டைப் பைகளைப் புரட்டி, தையலுக்குள் சிக்கிய புல்விதையை ஊக்கு முனையால் கிண்டி எடுப்பான். வெளிமண்ணோ விதையோ எறும்போ அந்தத் தீவுகளுக்குள் போய்விடக் கூடாது. போனால் அங்கே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, வழிகாட்டிக்கு உதவியாக அவனையும் ஒரு தீவில் இறங்க விட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் போனில் பேசியதை அவள் மறக்கவில்லை. கோழி அளவில் ஒரு பறவை, பறக்கத் தெரியாதது, புதரிலிருந்து நடந்துவந்து அவன் ஷூ கயிற்றைக் கொத்தி இழுத்ததாம்.

"அதுக்கு மனுசன்னா என்னன்னே தெரியல ராணி. பயப்படவே தெரியல. நான் அப்படியே நின்னுட்டேன், நகந்தா எங்க ஓடிருமோன்னு."

அந்தக் குரலை அவள் அதற்கு முன்பு கேட்டதில்லை. கல்யாணமான புதிதில்கூட இல்லை. புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் வேரோடு சாய்ந்த வருஷத்திலிருந்து அவன் பேசுவதே குறைந்திருந்தது. அந்தப் பறவையைப் பார்த்தவன் வேறு யாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அடுத்த முறை லீவு முடிந்து அவன் கிளம்பியபோதுதான் அவள் அந்தப் பைக்குள் மண்ணை வைத்துத் தைத்தாள். அவனுக்குக் குலசாமி ஊரெல்லையில் இருக்கும் அய்யனார். எல்லைக்குள் இருக்கிறவர்களை ராத்திரியில் குதிரையேறிச் சுற்றிவந்து காப்பார். கடலில் ஏது எல்லை? அய்யனார் கோயிலில் பூசை வைக்கும் வேளாரிடம் அவள் இதைக் கேட்டபோது, சாமி குதிரையின் காலடி மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போனால் அந்த மண் இருக்கும் இடமெல்லாம் எல்லைக்குள் வந்துவிடும் என்றார். வேற்றூரில் கோயில் எழுப்பவே பிடிமண்தான் கொண்டுபோகிறார்கள், ஒரு ஆளைக் காக்கப் போதாதா என்றும் சொன்னார். அவனிடம் சொன்னால் வாங்க மாட்டான். கறிவேப்பிலைப் பொடியைக்கூட இரண்டுமுறை பார்த்துத்தான் பைக்குள் வைக்கிறவன். எனவே மஞ்சள் துணியில் முடிந்து, அடித்துணியைப் பிரித்து, உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள். ஊரார் செருப்பில் ஒட்டிய மண்ணும் சாமி மண்ணும் ஒன்றா என்ன?

அந்தப் பயணத்தில், தீவுக்கூட்டத்திலேயே கடைசித் தீவுக்குப் போகும் வழியில் அதிகாரிகள் ஏறி, வேலையாட்களின் பைகளையும் சோதித்தார்கள். அடித்துணியை அறுத்து, முடிச்சை எடுத்து அவிழ்த்துத் தட்டில் கொட்டினார்கள். மண்ணோடு நாலைந்து புல்விதைகளும் கிடந்தன. அந்தக் கப்பலுக்கு அனுமதி இல்லை என்று அங்கேயே திருப்பிவிட்டார்கள்; கரை சேர்ந்ததும் இவனுக்குத் தடை போட்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். விருந்தாளிகளில் வயதான ஒருவர், அந்தப் பறவையைப் பார்ப்பதற்காகவே வந்தவர். யாரும் திட்டவில்லையாம். அந்தக் கிழவர் மட்டும் தீவு கண்ணிலிருந்து மறையும்வரை மேல்தளத்திலேயே நின்றாராம். அவருக்கு டீ கொண்டுபோனபோது, நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டாராம்.

"அவரு ரெண்டு வார்த்த வஞ்சிருந்தாக்கூடத் தூங்கிருவேன்," என்றான் வெற்றிசெல்வன்.

பச்சை நூலைப் பார்த்தபோதே யார் வேலை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து மாதமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். இப்போது சொல்வதற்கும் ஒரு காரணம் இருந்தது. வேலைக்கு அனுப்பிய சென்னை ஏஜென்சியிலிருந்து ஷர்லி என்ற பெண் முந்தினநாள் பேசியிருந்தாள். கேப்டன் இவனுக்காக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். இவனுக்குத் தெரியாமல்தான் மண் பைக்குள் போனது என்று வைத்தவரே சொன்னால் தடையை நீக்குவது பற்றி யோசிப்பதாகத் தீவு அதிகாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்று மத்தியானம் வீடியோ கால். இது போனால் இனி எந்தக் கப்பலிலும் அவன் ஏற முடியாது.

"சொல்றேங்க. நான்தான் வச்சேன்னு சொல்றேன். அதுல என்ன இருக்கு?" என்றாள் செல்வராணி. அழுகை வந்தது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவன் முகம் கழுவி, சவரம் செய்து, பெட்டியிலிருந்து கம்பெனிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தபோது, ஐந்து மாதமாக வீட்டில் இல்லாத ஆள் அப்போதுதான் வந்து இறங்கியதுபோல் இருந்தது. என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டுமுறை சொல்லிப் பார்க்க வைத்தான். தப்பில்லாமல் சொன்னதும், "நீ டீச்சராப் போயிருக்கலாம்" என்று கேலிகூடச் செய்தான்.

மாமியார் சொர்ணவல்லி நூறுநாள் வேலைக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று என்று இரண்டு பேருமே நினைத்தார்கள், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் ஒரு விஷயம் ஏற்கெனவே நடந்திருந்தது. சொர்ணவல்லியின் மூத்த மகன் வேலைவெட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே சுருண்டு கிடந்தபோது, அவன் தலையணைப் பஞ்சுக்குள் ஒரு தகடு அகப்பட்டது. புருஷனுக்குக் காய்ச்சல் விட வேண்டுமென்று மந்திரித்து வாங்கிவந்ததாக மூத்த மருமகள் சொன்னாள். பிறகு ஏன் ஒளித்து வைத்தாய் என்று சொர்ணவல்லி கேட்டாள். நல்லது செய்கிறவள் சொல்லிச் செய்வாள். ஒளித்து வைப்பது செய்வினைக்காரி. தெருவே கூடி நிற்க, மூத்த மருமகள் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். ஆனாலும் ஆவுடையார்கோவில் பக்கம் பிறந்த வீட்டுக்குத் துரத்தப்பட்டவள் திரும்பி வரவில்லை. போவதற்கு முன் அவள் எதிர்ப்பட்டால், பெண்கள் குழந்தைகளை அவள் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டதைச் செல்வராணி பார்த்திருக்கிறாள். செல்வராணியும் ஒருநாள் தன் மகளைச் சேலைக்குள் இழுத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்று கொல்லைக்குப் போய், மோட்டார் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, போனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்தான். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் ஷர்லி. ஒன்றில் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பெண், கம்பெனி மேனேஜர். மூன்றாவதில் ஒரு கறுத்த மனிதர், காக்கிச் சட்டை, அவருக்குப் பின்னால் ஜன்னலில் கடல். அவர்தான் அதிகாரி. வெற்றிசெல்வன் இங்கிலீஷில் பேசியதைச் செல்வராணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தை புரியாவிட்டாலும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பேசியது அழகாக இருந்தது. அந்த ஜன்னலுக்கு அந்தப்புறம் எங்கோ அந்தப் பறவை நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்மாயில் நடந்த நூறுநாள் வேலையை அன்றைக்குச் சீக்கிரமே முடித்து அனுப்பிவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. போர்வெல் தண்ணீர் குடிக்க, சொர்ணவல்லி தெருப் பெண்கள் இருவரோடு மல்லிகை வரிசைகளுக்கு நடுவே வந்துவிட்டிருந்தாள். போனில் ஆள் தெரிவதைப் பார்த்து மூவரும் கொட்டகை ஓரமாக நின்றார்கள். ஸ்பீக்கரிலிருந்து ஷர்லியின் குரல் கணீரென்று வந்தது.

"அக்கா, சார் கேக்குறாங்க. உங்க ஹஸ்பண்டுக்குத் தெரியாம, நீங்கதான் அந்த மண்ண பைக்குள்ள மறைச்சு வச்சுத் தச்சீங்க. சரிதானா?"

செல்வராணி வாயைத் திறந்தவள் மாமியாரைப் பார்த்தாள். சொர்ணவல்லி கையிலிருந்த சொம்பு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவளுக்குப் பின்னால் இரண்டு முகங்கள். அதில் ஒருத்தி, பிச்சையம்மாள், இடுப்பில் இருந்த பேரனைச் செல்வராணிக்கு மறைவான பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கை வலித்துக்கூட மாற்றியிருக்கலாம்.

"இல்லம்மா," என்றாள் செல்வராணி. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "அவங்களுக்குத் தெரியாம நான் ஏன் வைக்கப்போறேன்? அவங்க கையால வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் கொண்டுபோனாங்க."

ஷர்லி உடனே அதை மொழிபெயர்க்கவில்லை. அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று தணிந்த குரலில் இன்னொருமுறை கேட்டாள். செல்வராணி அதையேதான் சொன்னாள், இந்தமுறை இன்னும் சத்தமாக. வெற்றிசெல்வன் இங்கிலீஷில் வேகமாக ஏதோ பேசினான். பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று சொல்லியிருப்பான். காக்கிச் சட்டைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு சின்னக் கேள்வி கேட்டார். எதற்குப் பயம் என்பதாகத்தான் இருக்க வேண்டும். வெற்றிசெல்வன் ஆரம்பித்தான், நிறுத்தினான், கையை விரித்து மறுபடி ஆரம்பித்தான். அம்மாவையும் பார்த்தான். மேனேஜர் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கடைசியில் விரித்த கையை மடியில் வைத்துக்கொண்டான். காக்கிச் சட்டைக்காரர் தலையைத் தாழ்த்தி வணக்கம் போல ஏதோ செய்தார். அந்தக் கடல் ஜன்னல் அணைந்தது. பிறகு மற்ற இரண்டும்.

"அப்ப அய்யனாரு மண்ணக் கொண்டுபோனதுக்கா எம்புள்ளய அனுப்பிச்சுப்புட்டாய்ங்க?" என்றாள் சொர்ணவல்லி. அவள் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுப் பிச்சையம்மாள் பக்கம் திரும்பி, தேசம் விட்டுத் தேசம் போனாலும் சாமியைக் கண்ணில் ஒத்தித்தான் எடுத்துப் போயிருக்கிறான் பார் என்றாள். அந்தக் குரலில் பெருமை இருந்தது. போகும்போது மருமகளின் தோளில் கைவைத்து, "நீ கெட்டிக்காரிதான்த்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போனபிறகும் செல்வராணி நின்ற இடத்திலேயே நின்றாள். திரும்பப் போன் போடுங்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஒருதரம் சொன்னதுதான் அவர்களிடம் கணக்கு, மாற்றிச் சொன்னால் இரண்டுமே பொய்யாகிவிடும் என்றான். பிறகு, அவளைப் பார்க்காமல், "ஒன்னத் தப்புச் சொல்ல முடியாது. அண்ணியத் தொரத்துனப்ப நானுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். அவன் அடித்திருந்தால்கூட அவள் இப்படி உடைந்திருக்க மாட்டாள். கம்பெனிச் சட்டையை அங்கேயே கழற்றி, பித்தான் ஒவ்வொன்றாகப் போட்டு, நன்றாக மடித்து நாற்காலியில் வைத்தான். நாளைக்கு முகூர்த்த நாள், பூ அதிகமாக வரும், சீக்கிரம் எழுப்பிவிடு என்றான்.

பொழுது சாயும் நேரத்தில் த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. அவன் மோட்டாரைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு மடைக்குப் போனான். அவள் அடுப்படியிலிருந்து பார்த்தபோது கடைசிப் பாத்தியும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வரப்பைத் தாண்டி, வேலிக்கு அடியில் நுழைந்து, கறம்பக்குடி போகும் தார் ரோட்டுக்கே போய்விட்டது. அவன் மடையை அடைக்காமல், மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றான். டிவிஎஸ் வண்டியில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, "தம்பி, தண்ணி வீணாப் போவுதப்பா" என்றார்.

"போவட்டும்ணே."

அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் வண்டியை மெதுவாக ஓட்டிக் கடந்தார். செல்வராணி வேலியருகே வந்து நின்றாள். கூப்பிடலாம் என்று நினைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வண்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது. ஒன்றும் விளையாத தார்மேல் தண்ணீர், யாரும் தடுக்காமல், அகலமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.