இரண்டாவது விளம்பி

என் வலைப்பதிவுக்குக் ‘கால்நடைக் குறிப்புகள்’ என்று பெயர். காலாற நடந்து பார்த்ததை எழுதுகிறோமே என்று அப்படி வைத்தேன். எங்கள் ஊர் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பசுவுக்கு மடி வீங்கியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று மாதம் இரண்டு பேராவது எழுதிக் கேட்கிறார்கள். கல்லூரிக்குக் கொண்டுபோங்கள், குணமானதும் எனக்கும் சொல்லுங்கள் என்று பதில் போடுவேன். அவர்களையும் சேர்த்து எனக்கு நாற்பது வாசகர்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுவேன். பத்து மணிக்கு மாமாவின் ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். புது ஆற்றங்கரையில் ஒரு நாள், வயல் பக்கம் ஒரு நாள், சாலையோரமாக ஒரு நாள். கழுத்தில் அத்தா குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமரா தொங்கும். அப்போது படித்துக்கொண்டிருக்கும் நாவலும் கூடவே நடந்து வரும். பெரும்பாலும் பனி பெய்யும் ஊர்களின் கதைகள், தமிழில் பெயர்த்தவை. சாலையில் பாதியை அடைத்துக் குறுவை நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன் ஓரமாக வியர்த்து வழிய நடந்துகொண்டே, குதிரைவண்டியில் வீடு திரும்பும் யாரோ ஒரு டாக்டரை நினைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கோளாறுதான் இத்தனைக்கும் காரணம்.

முதலில் நான் மனிதர்களைப் பற்றித்தான் எழுதினேன். பேருந்து நிலையப் பரோட்டா மாஸ்டரைப் படம் எடுத்துப் போட்டேன். தொப்பை தெரிகிறது என்று அவர் கடை வாசலில் வந்து நின்று சண்டை போட்டார். “உசிரோட இருக்கவங்க உனக்கு வேணாம்டி. கல்லு மண்ணப் பத்தி எழுது. அதெல்லாம் வீட்டு வாசல்ல வந்து நிக்காது” என்றார் அம்மா. அப்படித்தான் கல்லுக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டரில், சாலையோரம் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல். பிரசவத்துக்கு முன்பே, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோகும் பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் இப்படி ஒன்று நட்டுவைப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறலாம். அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக மற்றவர்கள் இறக்கிவைக்கட்டும் என்று ஓர் எண்ணம். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்ததில், தோளுயரக் கல் இப்போது இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

குறுக்குக் கல்லில் ‘அஞ்சம்மாள் ஞாபகம்’ என்று இருந்தது. இடப்பக்கக் கல்லில் அரிசி மாவைத் தேய்த்ததும் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. ‘விளம்பி வருஷம் ஆனி மாதம்.’ அவ்வளவுதான்.

தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன. கஜா புயல் வந்த 2018 ஒரு விளம்பி. அதற்கு முந்தையது 1958. அதற்கும் முந்தையது 1898. எது என்று கல்லில் இல்லை. 1958 எனக்குப் பிடிக்கவில்லை. அதில் பஸ் ஓடுகிறது, ரேடியோ பாடுகிறது. 1898 என்றால் மாட்டுவண்டி, லாந்தர், என் நாவல்களின் காலம். எந்தச் சந்தேகமும் இல்லாததுபோல ‘நூற்று இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், உலகைப் பார்க்காத ஒரு பிள்ளையோடு அஞ்சம்மாள் இங்கே உறங்கப் போனாள்’ என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

அந்தப் பதிவை யாரோ வாட்ஸப் குழுவில் போட, குழு குழுவாகப் போய், பத்து நாளில் ஆறாயிரம் பேர் படித்துவிட்டார்கள். பதினோராம் நாள் பின்னூட்டம் ஒன்று வந்தது.

‘பதிவு முழுவதும் படித்தேன். அஞ்சம்மாள் என் தாயார். வயிற்றுப் பிள்ளை நான்தான். வயது 67. உங்கள் எழுத்தால் கல்லை நாளைக் காலை லாரியில் ஏற்றப் போகிறார்கள். ரெங்கசாமி.’ கீழே கைபேசி எண்.

மூன்று முறை படித்துவிட்டுக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

“நீங்கதான் அந்தக் கால்நடையா?”

“ஆமாங்க. என் பேரு நுஸைபா.”

“நான் அவர் மக வானதி. எங்கப்பாவ ஏங்க சாகடிச்சீங்க?”

நடந்ததை வானதி அக்கா சொன்னார். சாலையை அகலப்படுத்துகிறார்கள். கல்லை நகர்த்தியாக வேண்டும். பக்கத்திலிருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நட்டுத் தருவதாக வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் பரிதி முதலில் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு என் பதிவு அவர் கண்ணில் பட்டது. நூறு வருடத்தைத் தாண்டிய கல் என்றால் தன் இஷ்டத்துக்குத் தொட முடியாது என்று மேலே எழுதிக் கேட்டார். கல்லைப் பத்திரமாக எடுத்து அனுப்பு, கிடங்கில் வைக்கலாம் என்று பதில் வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு லாரி.

“அப்பா போய் நான்தான் மகன்னு சொன்னா, பிள்ளையும் செத்துப்போச்சுன்னு பிரிண்ட் எடுத்துக் காட்டுறாரு அந்தத் தம்பி. டீக்கடையில, ‘வாங்க, செத்துப் பொழச்சவரே’ன்னு கூப்பிடுறானுங்க. நாளைக்கு வந்து நீங்களே சொல்லுங்க.”

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “கல்லு வீட்டு வாசல்ல வந்து நிக்காதுன்னு சொன்னேன். நீ அதையும் கெளப்பிவிட்டுட்டியேடி” என்றார்.

மறுநாள் விடியும்போதே கிளம்பினேன். அந்த ஐந்து கிலோமீட்டரில் எந்த நாவலும் கூட வரவில்லை. ஆறாயிரம் பேர் படித்த பதிவில், முழுவதும் படித்தேன் என்று எழுதிய ஒரே ஆள் அவர்தான் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தில் ஒரு வரி திட்டிவிட்டுப் போயிருக்கலாம். எண்ணையும் கொடுத்தாரே என்று நன்றியாக இருந்தது.

ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் ஜேசிபி நின்றது. மஞ்சள் சட்டை மாட்டிய பரிதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையில் என் பதிவின் பிரதி, பிளாஸ்டிக் உறைக்குள். வானதி அக்கா ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றார். ரெங்கசாமி ஐயா வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு, கல்லின் குறுக்கே கையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“நீதானா ஆயி? நடந்தேவா வந்த?”

“ஆமாங்கய்யா. தப்பு என் மேலதான். அது அம்பத்தெட்டா இருக்கும்னு எனக்குத் தெரியும். வேணும்னுதான் பழசாப் போட்டேன்.”

“ஏன், எங்கம்மா பழசா இருந்தாத்தான் எழுதுவியா?”

பரிதி குறுக்கிட்டார். “மேடம், நீங்க தப்புன்னு சொன்னாப் போதாது. அம்பத்தெட்டுக்கு ஏதாவது ஆதாரம் வேணும். ஐயா சர்டிபிகேட் கொண்டாந்தாரு. அதப் பாருங்க.”

பள்ளிக்கூடச் சான்றிதழ். பிறந்த தேதி 1.6.1957.

“பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப, கை தலைய சுத்திக் காதத் தொட்டுச்சு. ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டாரு வாத்தியாரு” என்றார் ஐயா.

“ஐயா, அம்மா தவறுனது அம்பத்தெட்டுன்னா, அம்பத்தேழுல பொறந்த நீங்க வயித்துல எப்படி இருந்திருப்பீங்க?”

“அத நான் வாத்தியாரத்தான் கேக்கணும் தம்பி. அவரும் போயிட்டாரு.”

ஜேசிபி ஓட்டுநர் சிரித்துவிட்டார். வானதி அக்கா முறைத்தார்.

“நிஜமா என்னங்கய்யா நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“அம்மாவுக்கு உசிரு போயிருச்சு. அப்புறந்தான் மருத்துவச்சி என்னைய எடுத்திருக்கா. மூச்சே இல்ல. ரெண்டும் போச்சுன்னு எங்க மாமா அப்பவே கல்தச்சனப் பாக்கக் கெளம்பிட்டாரு. அவரு கல்லுக்குச் சொல்லிட்டுத் திரும்பி வாறாரு, நான் வீட்டுல கத்திக்கிட்டுக் கெடக்குறேன். சொன்ன கல்லத் திருப்ப முடியுமா? அக்காவுக்காவது இருக்கட்டும்னு நட்டுட்டாரு.” துண்டால் கல்லின் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டினார். “எங்கம்மா போன நாளுதான் நான் வந்த நாளு. அது இந்தக் கல்லத் தவிர வேற எதுலயும் இல்ல. இதக் கொண்டுபோயி எங்கயோ பூட்டி வச்சா, நான் எங்க போயி நிக்கிறது?”

போன நாள். நான் கேமராவைத் திறந்து அன்று எடுத்த படத்தைத் தேடினேன். வலைப்பதிவில் போட்டதை அழகுக்காகக் கீழே வெட்டியிருந்தேன். வெட்டாத படத்தில், ‘ஆனி மாதம்’ என்பதற்குக் கீழே, தாரை ஒட்டி இன்னொரு வரியின் தலை மட்டும் தெரிந்தது. 12. அதற்குப் பிறகு ஏதோ சில எழுத்துகளின் மேல்முனை. சாலை ஓரத்தில் பிசிறு என்று நினைத்து வெட்டித் தள்ளியிருந்தேன்.

“சார், கீழ இன்னும் எழுத்து இருக்கு. பன்னெண்டாம் தேதி. கெழமையும் போட்டிருப்பாங்க.”

பரிதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “கெழம தெரிஞ்சா?”

கைபேசியில் பஞ்சாங்கம் இருந்தது. 1898இல் ஆனி பன்னிரண்டு, ஜூன் 24, வெள்ளிக்கிழமை. 1958இல் ஆனி பன்னிரண்டு, ஜூன் 26, வியாழக்கிழமை. இரண்டையும் அவரிடம் காட்டினேன். அவர் தன் கைபேசியிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

“அப்ப வெள்ளின்னா லாரி. வியாழன்னா ஐயா. சரிதானேங்க?”

“சரி” என்றார் ஐயா. ஆனால் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அப்பா, வெலகுங்க. கடப்பாற காலுல பட்டுறப் போவுது.”

ஓட்டுநர் இறங்கிக் கடப்பாரையால் தாரை ஓரமாகப் பெயர்த்தார். ஒரு தட்டு வந்தது, அடியில் இன்னொரு தட்டு, அதற்கடியில் கப்பிக் கல். எத்தனை முறை சாலை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார் பரிதி. வெள்ளி என்று வந்துவிட்டால், இவர் சொன்ன கதை முழுவதும் வேறு யாரோ ஓர் அஞ்சம்மாளுடையதாகிவிடும். அதுவும் நான் எழுதியதால். வானதி அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்லின் மேல் ஊற்றி, புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். மண் கரைந்து இறங்கியது.

‘12 தேதி வியாளன்.’

கல்தச்சன் செய்த எழுத்துப்பிழையோடு, தார் மூடியிருந்ததால் நேற்று வெட்டியதுபோல் இருந்தது. வானதி அக்கா, “அப்பா, உங்களுக்கு ஒரு வயசு கொறஞ்சிருச்சு” என்றார்.

பரிதி மேலதிகாரியைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தவர் என்னிடம் பிளாஸ்டிக் உறையை நீட்டினார். “கல்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்க. கூடவே இதையும் மாத்தணும் மேடம். ரெக்கார்டுல இருக்குறது உங்க பிளாக்தான். மாத்திட்டா லாரிய வேணாம்னுடலாம்.”

சாலையோரக் கப்பிக் குவியலில் உட்கார்ந்து கைபேசியில் திருத்தினேன். நூற்று இருபத்தேழு போனது. லாந்தர் போனது. உலகைப் பார்க்காத பிள்ளை போனது. எனக்கே கண் கலங்கிய வரிகள் ஒவ்வொன்றாகப் போயின. வருத்தப்படுவேன் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் செருப்பில் ஏறிய கல்லை உதறியதுபோல் இருந்தது.

“என்ன போட்டிருக்க, படி” என்றார் ஐயா.

“‘ஆண்டைத் தவறாக எழுதியதற்கு மனம் வருந்துகிறேன்...’”

“வருத்தமெல்லாம் அப்புறம். மொதல்ல நான் உசிரோட இருக்கேன்னு போடு. டீக்கடைக்காரனுக்கும் அனுப்பணும்.”

போட்டேன். ‘அஞ்சம்மாளின் மகன் ரெங்கசாமி நலமாக இருக்கிறார். 26 ஜூன் 1958, வியாழக்கிழமை பிறந்தவர். இதை எனக்குச் சொன்னவர் அவரே. அவருக்கு நன்றி.’ படித்துக் காட்டியதும், “நலமா இருக்கேன்னு சொல்ல முடியாது, சர்க்கரை இருக்கு” என்றார். அதற்கு மேல் திருத்த வேண்டாம் என்று வானதி அக்கா தடுத்துவிட்டார்.

“உங்க வயல்லயே நட்டுத் தரட்டுமாங்கய்யா?” என்று பரிதி கேட்டார். “யாரு தொந்தரவும் இருக்காது.”

“வயல்ல யாரு தம்பி சுமையோட வருவா? ஆளு நடக்குற எடத்துல இருக்கட்டும்.”

பத்தரைக்குள் கல் முப்பதடி தள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றது. புதைந்திருந்த உயரம் வெளியே வந்து மறுபடி தோளளவானது. கடைக்கு வர நேரமாகும் என்று மாமாவிடம் சொன்னேன், திட்டினார். கிளம்பும்போது ஐயா என் கேமராவைக் காட்டி, “எங்கம்மா போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. சேத்து ஒண்ணு எடேன்” என்றார்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்து வானதி அக்காவிடம் கொடுத்தார். கையால் தலையைப் படிய வாரிக்கொண்டார். கல்லின் மேல் கையை வைத்தார், எடுத்தார், கட்டிக்கொண்டார், தொங்கவிட்டார்.

“சாதாரணமா நில்லுங்கப்பா.”

“அம்மாகூட எப்படி நிக்கிறதுன்னு தெரியலையே ஆயி.”

மூன்று படம் எடுத்தேன். இந்தப் பக்கம் பாருங்கய்யா என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். மூன்றிலும் அவர் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.