ரோதைமுனிக்கு ஒரு நாள் லீவு

ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் யசோதினி ஓட்டுகிற மின்சார ஆட்டோவுக்கு யாரும் சார்ஜ் போடுவதில்லை. வந்த புதிதில் கொஞ்ச நாள் போட்டதோடு சரி. அதற்குப் பிறகு அதை ஓட்டிவருவது ரோதைமுனிதான். பதுளை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மற்ற ஆட்டோக்காரர்களுக்கும் இது தெரியும். தக்காளி விலை ஏறியதையும் இறங்கியதையும் பேசுகிற அதே குரலில் இதையும் பேசிவிட்டு, அடுத்த சவாரிக்குப் போய்விடுவார்கள்.

பெட்ரோல் வரிசையில் ஜனங்கள் வாகனத்துக்குள்ளேயே சாப்பிட்டு உறங்கிய அந்த வருஷத்தில் மேக்கணக்கின் இரண்டு ஆட்டோக்களும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கோடியில் கோழிக் கூடுகளாகிப் போயின. யசோதினியின் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது கம்பளியில் தூளி கட்டி, ஆண்கள் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு பதுளைக்கு இறங்கினார்கள். ஸ்பிரிங்வெளி தாண்டுவதற்குள் தூளி கனத்துவிட்டது. தூக்கியவர்களுக்கு அது தெரிந்தும் இறக்கி வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் திரும்பினார்கள். அந்தத் துக்கம் யசோதினிக்கு ஆறவேயில்லை. கொழுந்து பறித்துக்கொண்டே லைசென்ஸ் எடுத்தாள். ஓட்ட வண்டி இல்லாதவளுக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கொழும்பில் மின்வாகனங்களுக்கான தேசிய மூலோபாயம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்க் கப்பலுக்குக் காத்திருக்கும் தலைவிதியிலிருந்து நாட்டை மீட்பது, ஆட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்றுவது, பேட்டரியை இங்கேயே செய்வது என்று எல்லாம் நல்ல விஷயங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, மலையை மட்டும் மறந்துபோனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். மலையில் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக பதுளை இருக்கிற ஊவா மாகாணத்துக்குப் பச்சை நிறத்தில் ஓர் ஆட்டோவை அனுப்பி, அதைத் தோட்டத்துப் பெண் ஒருத்திதான் ஓட்ட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்கள். பதுளையில் அதற்குப் பொறுப்பாக இருந்தவர் செல்வரத்தினம் என்ற எஞ்சினியர். சாவகச்சேரிக்காரர். பதுளைக்கு வந்து பாதி ஆயுள் கழிந்தும் கழுத்து மப்ளரைக் கழற்றாதவர். லைசென்ஸ் வைத்திருந்த ஒரே பெண் யசோதினிதான் என்பதால் அவருக்குத் தேர்ந்தெடுக்கும் சிரமம் இருக்கவில்லை.

சார்ஜ் போட்ட முதல் நாளே லயத்தில் சண்டை வந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த அத்தனை வீடுகளுக்கும், தோட்ட நிர்வாகம் எந்தக் காலத்திலோ இழுத்துவிட்ட ஒற்றை வயரில்தான் கரண்ட் வந்துகொண்டிருந்தது. ஆட்டோ குடிக்கத் தொடங்கியதும் பல்புகள் மஞ்சளாகி, சிவந்து, அணைந்தன. ரைஸ் குக்கர்களில் சோறு அரைவேக்காட்டில் நின்றது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மா அகப்பையோடு வெளியே வந்தாள். ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில், சல்லடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே காலம் கழித்தவள். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை.

"ஒன் வண்டி வயிறு நெறயறதுக்கு எங்க புள்ளைங்க வயிறு காயணுமா?"

நியாயமான கேள்வி. யசோதினி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பிறகு லயம் உறங்கிய நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றினாள். அந்தச் சார்ஜில் ஆட்டோ சந்தி வரை இறங்கும், திரும்பி ஏறாது. ஏறாத வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

புது வண்டிக்குப் பூசை போடாததுதான் குறை என்று பூசாரி இராமையா சொன்னார். எந்தச் சாமிக்கு என்று கேள்வியே எழவில்லை. ஸ்டோரில் ஓடும் பெரிய சக்கரத்தை ரோதை என்பார்கள், அந்த ரோதைக்குக் காவல் ரோதைமுனி. சக்கரமும் கரண்டும் உள்ள எதற்கும் தோட்டத்தில் அவர்தான் பொறுப்பு. கொழுந்து குறைந்து ஸ்டோரை மூடியபோது ஆட்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். முனிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே சூலமும் கல்லுமாக அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி உறுமவிட்டுத்தான் அவருக்குச் சூடம் காட்டுவது வழக்கம். ஆயுள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்தவர், சத்தம் கேட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாராயம் தெளித்து, சுருட்டுப் பற்றவைத்து, சூடத்தை ஏற்றிவிட்டு இராமையா சொன்னார்:

"ஸ்டார்ட் பண்ணு புள்ள."

"பண்ணிட்டேங்க மாமா."

"சத்தத்தக் காணோமே?"

"இதுக்குச் சத்தம் வராதுங்க."

சத்தம் வராத எஞ்சின் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று இராமையா நம்பவில்லை. இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்பச் சொன்னார். சூடம் அணையப் போயிற்று. வண்டி பழுது, பிள்ளை வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டார். மனம் இளகி, முறையான மந்திரத்தை விட்டுவிட்டு முனியிடம் நேரடியாகவே பேசினார். "சாமி, இவ கொண்டாந்த வண்டி செத்துக் கெடக்கு. ஒனக்கும் வேல இல்ல. நீயே இத ஓட்டிக்குடு."

முனி ஒத்துக்கொண்டார். ஆட்டோ எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, யசோதினி கையை வைக்கும் முன்பே மேட்டில் ஏறியது.

அன்றிலிருந்து பேட்டரி முள் நிறைந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வண்டிக்குள் வறுபட்ட தேயிலையும் சுருட்டும் கலந்த வாசம் வீசியது. பதுளைக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே மேக்கணக்கு ஆட்களை அடையாளம் சொன்னார்கள். பசறை மெக்கானிக் மபாஸ் பேட்டரியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்மட வேல இல்ல தங்கச்சி" என்று பயபக்தியோடு மூடிக் கொடுத்தார். முனி வேலைக்காரர்தான், ஆனால் ஸ்டோர் பழக்கத்தை விடவில்லை. காலையில் ஸ்டோர்ச் சங்கு ஊதிய ஆறரைக்கு முன்னால் வண்டி நகராது. தோட்டத்து மேனேஜர் இருக்கும் துரை பங்களாவைத் தாண்டும்போது தானாக வேகம் குறையும். பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் தேத்தண்ணிக்கு நின்றுவிடும். அரை மணி நேரம். கெஞ்சியும் பயனில்லை. சவாரி போகிறவர்களும் பழகிக்கொண்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து தாங்களும் குடித்தார்கள். லயத்தில் சோறு ஒழுங்காக வெந்தது. கருப்பம்மா யசோதினிக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கத் தொடங்கினாள். சளி இழுத்த குழந்தைகள், அட்டை கடித்துப் புண் பழுத்தவர்கள், பாம்பு கடித்த ஒருவர் என்று மேக்கணக்கு முழுவதும் அந்த வண்டியில் போய், உயிரோடு திரும்பி வந்தது.

ஆட்டோவுக்குள் ஒரு சின்னக் கருவி இருந்தது. அது எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு கரண்ட் ஏறுகிறது என்று கொழும்புக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தது. ஊவா வண்டி நாட்டிலேயே அதிகம் ஓடுகிறது, ஒரு சொட்டுக் கரண்டும் ஏற்றவில்லை என்று தெரிந்ததும் முதலில் மகிழ்ந்தார்கள். பிறகு யோசித்தார்கள். கருவி பொய் சொல்லாது, ஆகவே அந்தப் பெண் கரண்ட் திருடுகிறாள் என்று முடிவாயிற்று. வண்டியைத் திரும்பக் கொண்டுவரும்படி செல்வரத்தினத்துக்கு உத்தரவு வந்தது. அவருக்குப் போக மனமில்லை. நாளைக் கடத்திப் பார்த்தார், முடியவில்லை. ஒரு காலை பஸ்ஸில் சந்தி வரை வந்து, மேக்கணக்குக்கு நடந்து ஏறினார்.

அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கருப்பம்மாவின் மகள் மதுஷாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் பதுளைக்கு வந்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். உதிரம் போகத் தொடங்கியிருந்தது. செல்வரத்தினம் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. யசோதினி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"வண்டிய எடுக்கத்தானே சேர் வந்தீங்க? ஏறுங்க. ஆஸ்பத்திரில எறக்கிட்டுத் தாறேன்."

மகளை மடியில் சாய்த்துக்கொண்டு கருப்பம்மா உட்கார, சீட்டின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு அவரும் வந்தார். போன் சிக்னல் கிடைக்காத மூங்கில் வளைவில், பத்து மணிக்கு, ஆட்டோ நின்றது. யசோதினி சாவியைத் திருப்பினாள், ஸ்டியரிங்கில் அடித்தாள், அழுதாள். பின்னால் மதுஷாவின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. செல்வரத்தினம் வயர்களைப் பார்த்தார். வயரில் ஒரு குறையும் இல்லை. அழுகைக்கு நடுவில் யசோதினி முனியைப் பற்றியும் தேத்தண்ணியைப் பற்றியும் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க அது நேரமில்லை. கருப்பம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்கட ஸ்டோரில தேத்தண்ணிக்கு நிப்பாட்டாத நாள் ஒண்டும் இருக்கேல்லையோ?"

கருப்பம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தது. கொழுந்து குமிந்த நாட்களில், அரைத்த கொழுந்தைக் காக்கவைத்தால் கெட்டுப்போகும் என்று, தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் ரோதையை ஓட்டுவார்கள். விட்டுக்கொடுத்த ஆட்களுக்குப் பிறகு லீவு கிடைக்கும். அவள் கீழே இறங்கி, வண்டியின் முன்னால் நின்று, சல்லடை மெஷினை மீறிய அதே குரலில் பேசினாள்.

"சாமி, அரச்ச கொழுந்து காத்துக் கெடக்கு. இன்னிக்குத் தேத்தண்ணிய விட்டுக்குடு. பதிலுக்கு வருஷத்துல ஒரு நாள் முழுசா லீவு தாறோம். அன்னிக்கு யாரு உசிரு போனாலும் ஒன்னய எழுப்ப மாட்டோம். இது என் வாக்கு."

அவள் ஏறி உட்காரும் வரை ஆட்டோ பொறுத்திருந்தது. பிறகு துரை பங்களாவைக்கூடப் பொருட்படுத்தாமல் பறந்தது. ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது செல்வரத்தினம் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து போன் வந்தது. வண்டி எங்கே சார்ஜ் ஆகிறது என்று கேட்டார்கள். மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரில் என்றார். பொய்யில்லை. கைவிட்ட கட்டடங்களைச் சார்ஜ் நிலையங்களாக்க வேண்டும் என்று தேசிய மூலோபாயத்திலேயே இருந்தபடியால் கொழும்புக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊவாவைப் பாருங்கள் என்று கூட்டங்களில் பேசினார்கள். வண்டி யசோதினியிடமே இருந்தது.

முனியின் லீவுக்கு மாட்டுப் பொங்கலைப் பொருத்தமான நாளாகப் பார்த்து வைத்தார்கள். முதல் வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. ஆட்டோவுக்கு மாலை போட்டு, நிழலில் நிறுத்தி, அதன் பக்கத்தில் சத்தமாகப் பேசக்கூடாது என்று பிள்ளைகளை விரட்டினார்கள். இரண்டாவது வருஷம் பொங்கலுக்கு முன்னால் பெய்த மழையில் சந்திக்குக் கீழே மண் சரிந்துவிட்டது. மாட்டுப் பொங்கலன்று காலையில் கருப்பம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் சரிவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடிந்தது. இடையில் மிஞ்சியிருந்த வழியில் ஓர் ஆட்டோ மட்டும்தான் நுழையும்.

யசோதினி கருப்பம்மாவைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துவிட்டு, சூடத்தைக் கையில் எடுத்தாள்.

"சாமிய எழுப்புறேன் அத்த."

"எழுப்பினா நான் எறங்கிருவேன்." மூச்சு வாங்கியது. "நம்மளுக்குத்தான் யாரும் லீவு தரல. குடுத்தத நாம புடுங்கக் கூடாது."

யசோதினி சூடத்தை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தூளி கனத்த நாள் அவள் ஞாபகத்துக்கு வந்தது. லயமே வந்து வண்டியில் கை வைத்தது. இராமையா வந்தார், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுஷா வந்தாள். முந்தின நாள் ஒருவரோடொருவர் பேசாதிருந்தவர்களும் தோளோடு தோள் நின்றார்கள். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தியும், சமதரையில் தள்ளியும் மூங்கில் வளைவைத் தாண்டினார்கள். வளைவுக்கு அப்பால் ஓர் ஏற்றம். ஈர மண்ணில் கால்கள் வழுக்க, வண்டி பின்னால் நழுவியது. அப்போது இராமையாவுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வந்து கை கொடுத்தார். காக்கி அரைக்கால்சட்டை, தலையில் துண்டு, வாயில் அணைந்த சுருட்டு. வண்டி ஏற்றத்தைக் கடந்தது. யாரும் பெயர் கேட்கவில்லை. வாசமே சொல்லிவிட்டது.

சரிவைத் தாண்டி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கருப்பம்மா அவரைப் பார்த்துவிட்டாள். வலியிலும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"லீவு நாள்ல இங்க என்ன வேல ஒனக்கு?"

"வீட்டுல சும்மா இருக்க முடியல ஆத்தா," என்றார் அவர்.

மதுஷாவையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன பிறகு அவரும் மற்றவர்களோடு சேர்ந்து, காலி ஆட்டோவை மேக்கணக்கு வரை தள்ளிக்கொண்டு வந்தார். கருப்பம்மா பிழைத்துக்கொண்டாள் என்று சாயந்திரம் பதுளையிலிருந்து மதுஷா போன் பண்ணினாள். மறுநாள் காலை ஆறரைக்கு ஆட்டோ வழக்கம்போல் வேலைக்கு வந்தது. கருப்பம்மாவைப் பார்க்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.