பேஜர் அலறியபோது

ஊர்க் கூட்டத்தில் தீயணைப்பு வீரர்கள் உட்காருவதில்லை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் பின்சுவரில், கதவை ஒட்டி நிற்போம். இடுப்பில் மாட்டிய பேஜர் அவசரத்துக்குக் கூப்பிட்டால் யார் காலையும் மிதிக்காமல் ஓட வேண்டுமே.

போன மார்ச்சில் மேட்டுச் சாலை தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி வாங்குவதா என்று வாக்கெடுப்பு. எல்லோரும் வாக்கு அட்டையைத் தூக்கப்போகும் நேரத்தில் பேஜர் அலறியது. பணியில் இருந்த இருவர் போயிருந்தால் போதும். அன்று பணியில்லாத நாங்களும் சேர்ந்தே ஓடினோம். முதியோர் குடியிருப்பில் யாரோ ரொட்டியைக் கருக்கியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது தீர்மானம் தோற்றிருந்தது. எங்கள் அட்டைகள் அங்கே இருந்திருந்தால் ஜெயித்திருக்கும்.

இந்த வருடம் அந்த நிலையத்தையே மூடுவதற்குத் தீர்மானம் வந்தது.

எங்கள் கேப்டன் லூசியன் கான்யோனின் வீடு அந்த மேட்டில்தான் இருக்கிறது. அவர் மனைவி ஓடெட்டுக்கு நுரையீரல் நோய். மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த சின்ன ஆக்சிஜன் உருளை. அவளுக்கு மூச்சு முட்டினால், லூசியன் ஷூ மாட்டுவதற்குள் மேட்டு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். அதை மூடிவிட்டால் ஆற்றங்கரை நிலையத்திலிருந்து வண்டி பனியில் மேடேறி வர வேண்டும்.

நிலையச் சமையலறையில் அவர் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"கேப்டன், கூட்டத்துல நீங்க ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா?"

"பொண்டாட்டிக்காக ஊர்ப் பணத்தைக் கேக்கறான்னு சொல்லுவாங்க, பெல்கி. நம்ம வேலை தீயை அணைக்கறது. அரசியல் வேற ஆளுங்க வேலை."

"வண்டி எங்க நிக்கணும்னு அந்த வேற ஆளுங்கதான முடிவு பண்றாங்க?"

அவர் கரண்டியை நக்கிப் பார்த்தார். "உப்பு பத்தல" என்றார்.

கூட்டத்தன்று எங்களுக்கு முன்பே ஓடெட் வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிகளில் இடம் பிடித்ததுபோல் வரிசையாகக் கோட்டு, தொப்பி, கழுத்துத் துணி, ஒவ்வொரு கையுறையும் தனித்தனியாக. நாங்கள் வழக்கம்போல் பின்சுவருக்குப் போனோம். அவள் திரும்பினாள்.

"லூசியன், எனக்குக் குளிருது. நீ வந்து உக்காந்தாத்தான் கோட்டை எடுக்க முடியும்."

சிலர் சிரித்தார்கள்.

"இங்கேருந்தே எனக்கு நல்லா கேக்குது" என்றார் லூசியன்.

"உனக்குக் கேக்கும். உன் குரல்தான் யாருக்கும் கேக்கல."

அவர் காது சிவக்க நடந்து போனார். நாங்கள் பின்னாலேயே போய் ஆளுக்கொரு துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பணியில் இருந்த இருவர் மட்டும் கதவோரம் நின்றார்கள்.

கூட்டத்தை நடத்தும் வினிஃப்ரெட் தீர்மானத்தைப் படித்தாள். ஊர் நிர்வாகக் குழுவிலிருந்து ஹார்லன் எழுந்தார். நல்ல மனிதர். மரக்கடை வைத்திருக்கிறார்.

"கீழேருந்து வண்டி வரும். மேட்டுல இருக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும், அவ்வளவுதான்."

ஓடெட் உருளையைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள். லூசியன் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தார்.

"நான் பொறுத்துப் பாத்திருக்கேன், ஹார்லன். மூச்சு வராதவ கையைப் பிடிச்சிக்கிட்டு, வண்டிச் சத்தம் கேக்குதான்னு. பக்கத்துலேருந்து வர்ற வண்டிக்கே அப்படி. இவ என் மனைவி. ஆமா, எனக்காகவும்தான் கேக்கறேன். ஆனா அந்த மேட்டுல நான் நுழையாத வீடு இல்ல. இவளை மாதிரி அங்க இன்னும் இருக்காங்க. இதை எல்லாம் நாங்க வந்து சொன்னாத்தான உங்களுக்குத் தெரியும்? நாங்க பின்னாடியே நின்னுட்டோம்."

உட்கார்ந்துவிட்டார். ஹார்லன் தன் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடக் கூடாதுங்கறவங்க அட்டையைத் தூக்குங்க" என்றாள் வினிஃப்ரெட்.

பேஜர் அலறியது.

ஆற்றங்கரைச் சாலையில் ஒரு வீட்டுக்குள் புகை என்றது. கதவோரம் நின்ற இருவர் போய்விட்டார்கள். லூசியனின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. என்னுடையவையும்தான். ஓடெட் அவர் முழங்காலில் கையை வைத்தாள்.

"போக வேண்டியவங்க போயிட்டாங்க."

"என்ன நெலமைன்னு தெரியலையே."

"அவங்க பாத்துப்பாங்க. நீ சொல்லிக் குடுத்த பசங்கதான?"

அவர் அட்டையைத் தூக்கினார். எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக மெதுவாக வந்தார்கள். மறு கையால், வண்டியில் போனவர்கள் பேசுவதைக் கேட்கும் வானொலிக் கருவியைக் காதோடு அழுத்தியிருந்தார். ஓடெட்டின் கை முழங்காலிலேயே இருந்தது.

புகைபோக்கியில் மட்டும்தான் தீ, அணைத்தாயிற்று, யாருக்கும் அடியில்லை என்று கருவியில் குரல் வந்தது. லூசியன் மூச்சை விட்டார். அதற்குள் கூடம் முழுக்கக் கைதட்டல்.

"என்னாச்சு?" என்றார்.

"நிலையத்தை மூடல" என்றாள் ஓடெட். "நீ அதைக் கேட்டுக்கிட்டிருந்தப்போ வினிஃப்ரெட் சொன்னா."

அவர் மடியிலிருந்த கோட்டை விரித்து அவள் தோள்களில் போர்த்தினார். குழாய் மடங்காமல் காலரைச் சரிசெய்தார்.

முன்னால் நிர்வாகக் குழுவின் மேசையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் அங்க ஒரு நாற்காலி காலியாகுதாம். உனக்காக என் கோட்டை அது மேல போட்டு வைக்கலாமா?"

"முதல்ல பித்தானைப் போடு" என்றார் லூசியன். பிறகு, மேல் பித்தானைத் தானே போட்டுவிட்டபடி, "போட்டு வை" என்றார்.