ஓசி டிக்கெட்

விமானக் கம்பெனியில் வேலை என்று நான் சொன்னதும் எதிரில் இருப்பவர் முதலில் என் தோளைப் பார்ப்பார். அங்கே தங்கப் பட்டை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பார்வை மெல்ல இறங்கி என் தொப்பையில் வந்து நிற்கும். சரி, பைலட் இல்லை. அப்புறம் என்னதான் வேலை என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை உருப்படியாக ஒரு பதில் சொன்னதில்லை.

அரசாங்கத்திடம் கோட்ஷேர் அனுமதி வாங்குவது என் வேலை. கோட்ஷேர் என்றால் பெரிய தேவ ரகசியம் ஒன்றும் இல்லை. விமானம் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. பைலட்டும் அவர்கள் ஆள், எரிபொருளும் அவர்கள் செலவு, உள்ளே கொடுக்கிற ஆறிப்போன சாப்பாடும் அவர்களுடையதுதான். டிக்கெட்டில் மட்டும் எங்கள் கம்பெனி பெயரும் எங்கள் எண்ணும் இருக்கும். அடுத்தவர் வீட்டு விருந்துக்கு நாம் வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்று சொல்வது மாதிரி. அப்படிச் சொல்லிக்கொள்ளும் உரிமைக்காகக் கம்பெனிகள் அரசாங்கத்தின் முன்னால் அடித்துக்கொள்ளும். அந்த அடிதடிக்குக் கோட் மாட்டி அனுப்பப்படுகிற ஆள் நான்.

போட்டிக் கம்பெனியிலும் இதே வேலைக்கு ஒரு ஆள் உண்டு. என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்கார ஆள். கோப்பைப் பார்க்காமலே விதியின் எண்ணைச் சொல்கிற ரகம். நான் கோப்பைப் பார்த்தே தப்பாகச் சொல்கிற ரகம். நாங்கள் மோதிய இடத்தில் எல்லாம் நான்தான் மண்ணைக் கவ்வினேன். ஒரே ஒரு முறை ஜெயித்தேன், அன்றைக்கு எதிராளிக்குக் கடும் காய்ச்சல். விசாரணை முடிந்து வந்து அந்தக் காய்ச்சலுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். ஏனென்றால் அந்த எதிராளி என் மனைவி.

வீட்டில் ஆபீஸ் பேச்சுக்குத் தடை. அவளுக்கு போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்கு வந்தால் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். எங்கள் கம்பெனியின் முக்கால்வாசித் திட்டங்கள் வாளி நிரம்பி வழிகிற சத்தத்தில் பேசி முடித்தவைதான். விசாரணை நாட்களில் இரண்டு பேரும் ஒரே காரில் போய், அமைச்சகத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே நான் இறங்கிக்கொள்வேன். யாராவது பார்த்தால் கம்பெனிக்கு அசிங்கமாம். அவள் கம்பெனிக்கு.

இந்தக் கதைக்குக் காரணமானவள் எங்கள் ஒரே பெண் பொடிசு. பிறந்தபோது கையகலத்துக்கு இருந்ததால் வந்த பெயர். இப்போது என்னைவிட உயரம், ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிக் கடல் தாண்டி ஒரு ஊரில் மாப்பிள்ளையோடு இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊருக்கு இங்கிருந்து இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும். டிக்கெட் விலையைக் கேட்டாலே எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு நெஞ்சை அடைக்கும்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த ஊருக்கு நேர் விமானம் விடப்போவதாக அறிவித்தது. உள்ளூரில் ஒரே ஒரு கம்பெனிதான் அதோடு கோட்ஷேர் வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்கள் கம்பெனியும் விண்ணப்பித்தது, மனைவியின் கம்பெனியும் விண்ணப்பித்தது. இதில் ஒரு விசேஷம் இருந்தது. ஜெயிக்கிற கம்பெனியின் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் அந்த விமானத்தில் இலவச டிக்கெட் உண்டு. ஓசி டிக்கெட். நான் ஜெயித்தாலும் அவள் ஜெயித்தாலும் இரண்டு பேரும் போகலாம். வாழ்க்கையில் முதல் முறையாக, தோற்றாலும் லாபம் என்கிற இடத்தில் நான் இருந்தேன். அதில்கூடக் கோட்டை விட ஒரு தனித் திறமை வேண்டும்.

"யார் ஜெயிச்சாலும் சரி, ரெண்டு பேரும் வந்துடுங்க," என்றாள் பொடிசு போனில். "அம்மா உள்ள என்கூட இருக்கட்டும். நீங்க வெளிய நில்லுங்கப்பா. அது போதும்."

அவளுக்காக வெளியே நிற்பது என் பழைய உத்தியோகம். பல் டாக்டர் அறைக்கு வெளியே, பரீட்சை ஹாலுக்கு வெளியே, முதல் நேர்முகத் தேர்வு நடந்த கட்டடத்துக்கு வெளியே என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். பல் டாக்டர் நாற்காலியில் படுத்துக்கொண்டு, வாயில் பஞ்சோடு, "அப்பா, வெளிய நிக்கிறீங்களா?" என்று கத்துவாள். "நிக்கிறேன்டா," என்று நான் கத்துவேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் சத்தம் வராது. உள்ளே போய் நான் கிழிக்கப்போவது ஒன்றும் இல்லை என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது.

விசாரணை அன்று எங்களுக்கு ஒதுக்கிய அறையில் ஏசி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. அந்தப் பக்கம் மனைவியின் கம்பெனி. நாங்கள் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் அனுமதி கொடுக்கிற அமைச்சக இயக்குநர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சு பிடிக்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். அப்புறம் எதிரே மனிதன் பேசினாலும் மின்விசிறி பேசினாலும் அவருக்கு ஒன்றுதான்.

அகர வரிசைப்படி எங்கள் கம்பெனி முதலில். இருக்கை எண்ணிக்கை, சுற்றுலா வளர்ச்சி, பயணிகள் நலன் என்று திரையில் படம் போட்டு வரிசையாக எடுத்துவிட்டேன். மூன்றாவது படத்திலேயே கண்ணாடி மேசைக்குப் போய்விட்டது. எதிரே மனைவி எங்கள் படத்தில் இருந்த கூட்டல் பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது அவள் உதட்டைப் பார்த்தே தெரிந்தது. அந்த உதட்டோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேன்.

"அதெல்லாம் சரி சார்," என்றார் இயக்குநர் கண்ணைக் கசக்கிக்கொண்டே. "ஜனங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்? போன தடவை ஒரு ரூட்டுக்கு அனுமதி குடுத்தோம். பாதி சீட்ல கம்பெனி ஆளுங்களும் அவங்க மாமியாருங்களும்தான் உக்காந்து போறாங்கன்னு புகார் மேல புகார். அதுக்கு என்ன சொல்றீங்க?"

என் மனைவியின் கை அவளுடைய கோப்பைத் திறக்கப் போனது. எனக்குத் தெரியும், அந்தக் கை அப்படிப் போனால் அடுத்த நிமிஷம் நான் காலி. அவள் ஏதோ ஒரு துருப்புச் சீட்டு வைத்திருக்கிறாள். நான் முந்திக்கொள்ள வேண்டும். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரிவதற்குள் வாய் திறந்துவிட்டது.

"எங்க ஊழியர்களுக்கு இந்த வழித்தடத்துல ஒரு ஓசி டிக்கெட்கூட வேண்டாம் சார். அத்தனை சீட்டும் ஜனங்களுக்குத்தான். இப்பவே எழுதிக் குடுத்துடறோம்."

இயக்குநர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என் உச்சி குளிர்ந்துபோயிற்று. பக்கத்தில் எங்கள் மேலாளர் மேசைக்கடியில் என் தொடையைத் தட்டினார். மனைவியின் கை கோப்பிலிருந்து மெல்லத் திரும்பி வந்தது. அவள் எழுந்து தன் பங்குக்கு அழகாகத்தான் பேசினாள், ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டது. மாலைக்குள் அனுமதி எங்களுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஈர வேட்டியாய்க் கசங்கிய கோட்டோடு நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்ததை யாராவது படம் பிடித்திருந்தால் குடும்ப மானம் போயிருக்கும்.

லிஃப்டில் நானும் மனைவியும் மட்டும். இரண்டு மாடி இறங்கினோம். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பொடிசுகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். காய்ச்சல் எதுவும் இல்லாம உன்னை ஜெயிச்சிருக்கேன். அதைச் சொல்ற சந்தோஷத்தையாவது எனக்கு விட்டுக் குடு."

"அது இல்லைங்க. நாம போக முடியாதுங்கிறதை."

லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவு திறந்தது. அவள் இறங்கிப் போனாள், நான் இறங்கவில்லை. கதவு மூடி, மேலே யாரோ பொத்தானை அழுத்த, நான் மட்டும் மறுபடி நான்காவது மாடிக்குப் போனேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதோடு இல்லாமல் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது மேலே போய்ச் சேர்வதற்குள் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆபீஸ் பேச்சுத் தடையை நானே மீறினேன்.

"நீ ஏன் என்னைத் தடுக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படித் தடுக்கிறது? நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்." ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். "நீங்க முந்திட்டீங்க."

"நீயுமா? பொடிசு ஞாபகம் வரலையா உனக்கு?"

"வந்துச்சு. நேத்து பூரா அதே நினைப்புதான். இதைச் சொல்லவே கூடாதுன்னுதான் கிளம்பினேன். அந்த ரூமுக்குள்ள போனதும் ஜெயிக்கணும்கிறது மட்டும்தான் மனசுல நிக்குது. என்ன பொம்பளை நான்."

"எனக்கு அவ ஞாபகமே வரலை," என்றேன். "கொஞ்சம்கூட."

"அது தெரியும்," என்றாள். சண்டை போடுகிற தொனியில் சொல்லியிருந்தால் தேவலை. பரிதாபப்பட்டுச் சொன்னாள்.

அதற்குள் பொடிசே கூப்பிட்டுவிட்டாள். செய்தியில் பார்த்தாளாம். "அப்பா! நீங்களா ஜெயிச்சீங்க? அம்மாவையா? நிஜமாவா?" நான் பெற்ற பெண், அவளாலேயே நம்ப முடியவில்லை. "சரி, எப்ப வர்றீங்க?"

இருக்கை எண்ணிக்கையைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவன் நான். போனை மனைவியிடம் நீட்டினேன்.

"நான் வர்றேன்டி," என்றாள் அவள். "ஓசி டிக்கெட் கிடையாதாம். ஒரு டிக்கெட்தான் வாங்க முடியும் போல. அப்பாவுக்கும் இங்க வேலை ஜாஸ்தி."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்போ வெளிய யாரு நிப்பா?"

"மாப்பிள்ளை நிப்பாரு."

"ஐயோ அம்மா. அவரு ஊசியைப் பாத்தாலே மயக்கம் போட்டு விழுவாரு."

சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். போனை வைத்ததும் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். எனக்கு எந்த போனும் வரவில்லை என்று மனைவிக்குத் தெரியும், கதவைத் தட்டவில்லை.

கம்பெனியில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். டிக்கெட் கொடுக்கவில்லை. சேர்த்து வைத்திருந்ததை வழித்துத் துடைத்து, எங்கள் கம்பெனி கவுன்டரிலேயே, முழு விலைக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். விமான நிலையக் கண்ணாடி வழியாக விமானம் கிளம்புவதைப் பார்த்தேன். அதில் எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. எனக்குச் சொந்தமாக ஒரே ஒரு ஆள் இருந்தாள். அவளும் போட்டிக் கம்பெனி.

ஆனாலும் நான் விடவில்லை. எழுதிக் கொடுத்ததைத் தளர்த்தும்படி அமைச்சகத்துக்கு ஒரு முறையீடு போட்டேன். முதல் ஆட்சேபம் அவள் கம்பெனியிடமிருந்து வந்தது. ஊருக்குக் கிளம்பும் முன்பே அவள் தயார் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாள், துணி துவைக்கும் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எனக்கு எழுதி ஒட்டிவிட்டுப் போன மாதிரியே. இரண்டிலும் ஒரு தப்பு கிடையாது. கோபம் வரவில்லை, பெருமையாகக்கூட இருந்தது.

மேல்முறையீட்டுப் பிரிவு அதிகாரியின் எதிரே நான் அசடு வழிய உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் போன் வந்தது. அங்கே அவர்களுக்கு இன்னும் விடியவில்லை.

"உள்ள கூட்டிட்டுப் போறாங்க," என்றாள் மனைவி. "உங்ககிட்ட பேசணுமாம்."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு பொடிசின் குரல், ரொம்பச் சின்னதாக.

"அப்பா... வெளிய நிக்கிறீங்களா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபடியே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லாத விமானத்தை எங்கள் விமானம் என்று சொல்லிப் பிழைக்கிறவனுக்கு அது ஒரு விஷயமா? ஆனால் முடியவில்லை. எழுந்தேன். "என்ன சார், பாதியில கிளம்பிட்டீங்க?" என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது. வெளியே நடைக்கு வந்து, கதவைச் சாத்தி, அதற்கு எதிரே சுவரோரமாக நின்றேன்.

"நிக்கிறேன்டா."

"சரிப்பா," என்றாள். போன் அடங்கியது.

சற்று நேரத்தில் டீ தட்டோடு ஆபீஸ் உதவியாளர் வந்தார். என்னை அங்கே பல நாள் பார்த்தவர்.

"யாருக்காக நிக்கிறீங்க சார்? ஐயா உள்ள சும்மாதான் இருக்காரு, போங்க."

"என் பொண்ணு உள்ள இருக்கா," என்றேன்.

அவர் கதவில் இருந்த பலகையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஒரு டீயை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டீ ஆறியது. நான் நின்றுகொண்டிருந்தேன்.