முடி முளைத்த கடுதாசி

மூன்று ரூபாய் கொடுத்து வாங்கிய ஊற்றுப் பேனாவின் நுனியை யாராவது வெட்டுவார்களா? எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்த சூசையம்மாள் டீச்சர் வெட்டினார். தெற்காவணி மூல வீதியில் மூக்குத்தி செய்கிற பத்தரிடம் கொண்டுபோய், நிப்பின் உருண்டை நுனியைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கித் தரச் சொல்லி, அவர் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பத்தர் பெண்டாட்டியும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

வெட்டிய பிறகு அந்தப் பேனா எழுதிய எழுத்தே வேறு. மேலிருந்து கீழே இழுத்தால் பட்டையாக விழும். குறுக்கே இழுத்தால் தலைமயிர் மாதிரி. ‘ப’ எழுதினால் இரண்டு பக்கமும் கனத்த சுவர், அடியில் மெல்லிசாக ஒரு தரை. ‘ழ’ எழுதும்போது டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வால் முடிந்த பிறகுதான் விடுவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. மை மாத்திரை வாங்கி, மருந்துப் புட்டிகளில் கரைத்து, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தார். கத்தரிப்பூ, கிளிப்பச்சை, சிவப்பு, எதையோ எதிலோ கலந்து கண்டுபிடித்த மயில்கழுத்து. மாம்பழ மஞ்சள் ஒன்று உண்டு. காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது, ஆனாலும் எழுதுவார். கட்டுவதெல்லாம் வெள்ளைச் சேலை, சாம்பல் சேலை. நிறம் பூராவும் புட்டியில். இருப்பது ஒரே பேனா என்பதால் நிறம் மாற்ற ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அதுதான் வேலை. எங்கள் வாசல் சாக்கடை பத்து மணிக்குக் கத்தரிப்பூவாக ஓடும். பதினோரு மணிக்குப் பச்சை.

தெரு முனைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் நோட்டில் சரியானதற்குக் கத்தரிப்பூ, தப்புக்குப் பச்சை. சிவப்பைத் தப்புக்குத் தொடமாட்டார். நன்றாக எழுதின பிள்ளைக்கு மட்டும் சிவப்பில் ‘நன்று’ என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக என் மகள் ராக்கு வாரம் முழுக்க விரல் வீங்க எழுதுவாள்.

நியாயமாக அந்த நிப்புக்கு மொக்கை நிப்பு என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்து மானேஜர் பெயர் மொக்கைச்சாமி. அவர் காதுபட அந்த வார்த்தையை யார் சொல்வது? அதனால் பிள்ளைகள் மொட்டை நிப்பு என்றார்கள். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் இந்தப் பெயர்தான் காரணம்.

மொக்கைச்சாமிக்குக் கீழமாசி வீதியில் மிளகாய் வத்தல் மண்டி. என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன் அங்கேதான் எடை போடுகிறார். அந்த வருஷம் பரமக்குடிப் பக்கமிருந்து வத்தல் ஏகமாக வந்து இறங்கியது. மண்டி கொள்ளவில்லை. மானேஜர் யோசித்தார், மூன்றாம் வகுப்பு அறை காற்றோட்டமாக இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அறுபது மூட்டை உள்ளே போயிற்று. முப்பது பிள்ளைகள் வெளியே வராந்தாவுக்கு வந்தன. வாய்ப்பாடு சொன்னால் ஈரெட்டுக்கும் பதினாறுக்கும் நடுவே நாலு தும்மல் விழும். ராக்குவுக்குக் கண் சிவந்து, மூக்கு சிவந்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். நான் லீவு கடுதாசி எழுதிக் கொடுத்தேன். ‘துமல்’ என்று எழுதியிருந்தேன் போலிருக்கிறது. டீச்சர் அதில் ஒரு ‘ம்’ பச்சையில் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார். நாலாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள் நான். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் இன்னொரு கடுதாசியும் எழுதிவிட்டேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு, வகுப்பில் அடுக்கியிருந்த வத்தல் மூட்டைகளைப் பற்றி. பெயர் போடவில்லை. போட்டால் என் வீட்டுக்காரர் மறுநாள் எங்கே போய் எடை போடுவது? மண்டியில் தூக்கிப் போட்ட, மை தொட்டு எழுதுகிற கட்டைப் பேனா ஒன்று வீட்டில் கிடந்தது. நிப்பு நுனி ஒடிந்துபோய் எழுத்தெல்லாம் பட்டை பட்டையாக விழுந்தது. அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

சர்க்கார் காரியம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரைப் பற்றி எழுதினேனோ அவருக்கே அந்தக் கடுதாசியை அனுப்பி வைத்தார்கள். நம்பர் போட்டு, முத்திரை குத்தி, இதற்கு விளக்கம் எழுதி இந்தக் காகிதத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பவும் என்று.

மானேஜர் எழுத்தைப் பார்த்தார். பட்டை எழுத்து. மொட்டைக் கடுதாசி, மொட்டை நிப்பு. அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர்மார் நாலு பேரையும் ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தச் சொம்பு மூன்று மாதமாக எங்கள் வீட்டில்தான் இருந்தது. அன்றைக்குத்தான் கொடுக்கத் தோன்றியது. பியூன் காளை கதவோரம் நின்றிருந்தான். நானும் நின்றேன்.

மானேஜர் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். மூன்றாம் வகுப்பு அறையில் மூட்டை எதுவும் இல்லை, கடுதாசியில் உள்ளது முழுப் பொய் என்று. மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டீச்சர் போடவில்லை. மானேஜர் முதலில் நயமாகத்தான் பேசினார். கையெழுத்தில்லாத மனுவுக்கு விசாரணை கிடையாது, இந்தத் தாள் ஒன்று போனால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்றார். அப்புறம் குரல் மாறியது. அந்தப் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, தாளில் கையெழுத்தும் போட்டால் வேலை இருக்கும். இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாயோடு நின்றது.

டீச்சர், அந்தக் கடுதாசியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். மானேஜர் நீட்டினார். டீச்சர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என் எழுத்து இல்லைங்கய்யா. ஒடிஞ்ச நிப்பு. கோடு வளையிற இடமெல்லாம் பிசிறு அடிச்சிருக்கு. நான் இம்புட்டு மோசமா எழுத மாட்டேன்.”

வெளியே நின்ற எனக்குச் சுருக்கென்றது.

“அப்ப எழுதலைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க டீச்சர்” என்றார் மானேஜர்.

“எழுத்துதான் மோசம். விஷயம் நிசந்தானே.”

பேனாவைத் திறந்தார். அன்றைக்கு அதில் பச்சை. டீச்சர் பேனாவைத் தரப்போகிறார் என்று நினைத்து மானேஜர் மேஜையில் இடம்கூட ஒதுக்கினார். டீச்சர் என் கடுதாசியை மேஜைமேல் பரப்பி, பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற மாதிரி முதல் வரியிலிருந்து திருத்த ஆரம்பித்தார். ‘பிள்ளைகல்’லைப் ‘பிள்ளைகள்’ ஆக்கினார். ‘வத்தல்’ மேல் ‘வற்றல்’. ‘துமல்’ வந்த இடத்தில் மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. கதவுப் பக்கம் பார்த்தார். நான் சொம்புக்குள் பார்த்தேன். அப்புறம் ஒரு ‘ம்’ சேர்த்தார். கடைசியில் வெறுமையாக இருந்த இடத்தில், அவசரமே இல்லாமல், ‘ச. சூசையம்மாள், மூன்றாம் வகுப்பு ஆசிரியை’ என்று எழுதினார். அவ்வளவு அழகாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

“மொட்டையா இருந்தாத்தானே விசாரணை கிடையாது. இனி உண்டு” என்று சொல்லி மூடியைத் திருகினார்.

மானேஜர் காகிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனார். கை பாதியில் நின்றது. மூலையில் நம்பர் இருந்தது, முத்திரை இருந்தது.

“ஆத்தி, கடுதாசிக்கு முடி முளைச்சிருச்சுக்கா” என்றான் காளை, என் காதோரம்.

டீச்சர் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டும்போது நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அடுத்த தடவை பேரையும் சேர்த்து எழுதுங்க.”

அதற்கப்புறம் பத்து நாள் டீச்சர் வீட்டிலேயே இருந்தார். மூன்றாம் வகுப்புக்கு யாரும் இல்லை. சாக்கடை மட்டும் தினமும் நிறம் மாறி ஓடியது. வேலை போனவள் மை கரைத்துக்கொண்டிருக்கிறாளே என்று தெருவே பேசியது. நான் பேசவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கையெழுத்துப் போட்ட மனு, வராமல் முடியாது. மானேஜர் முந்தின நாளே மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அறைக்கு வெள்ளையடித்திருந்தார். ஆனால் தரை வெடிப்பில் கிடந்த வத்தல் விதையை யார் பொறுக்குவது? இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காருவதற்குள் ஏழு தடவை தும்மினார். வராந்தாவிலிருந்த பிள்ளைகள் சத்தமாக எண்ணின.

டீச்சரைக் கூப்பிட்டனுப்பி, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார். கையெழுத்தும் திருத்தமும் என்னுடையது, மற்றதை எழுதினவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். மானேஜர் உடனே, யாரோ எழுதியதில் கையெழுத்துப் போட்டவர் பேச்சு எப்படி எடுபடும் என்று ஆரம்பித்தார்.

அன்றைக்கு என் கையில் சொம்புகூட இல்லை. நேராக உள்ளே போனேன்.

“நான் எழுதினதுங்க. எம் பிள்ளை அந்த வகுப்புலதான் படிக்குது.”

இன்ஸ்பெக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். டீச்சர் பேனாவை நீட்டினார். உள்ளே மயில்கழுத்து. சோணையம்மாள் என்று என் பெயரை எழுதினேன். ‘ணை’க்கு அந்தக் காலத்து யானைத் துதிக்கையை வளைத்து இழுக்கும்போது, கோடு பட்டையாகப் போய், திரும்புகிற இடத்தில் தானாக மெலிந்து, மறுபடி பருத்தது. நான் மூச்சைப் பிடித்திருந்தேன் என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், குழம்பில் உப்பில்லை என்றார். மண்டியில் அவரை நிறுத்தவில்லை. அந்த அறைக்குள் போன மூட்டைகளை எடை போட்டு ஏற்றியவர் அவர். வெளியே விட்டால் என்ன பேசுவாரோ என்று மானேஜருக்கே பயம்.

டீச்சரைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மானேஜரும் சும்மா இருப்பாரா? சேர்ந்த அன்றைக்கே காளையிடம் ஓலை கொடுத்தனுப்பினார். இனிமேல் பள்ளிக்கூடத்தில் நீலக்கறுப்பு மை தவிர வேறு மை தொடக்கூடாது, இதைப் படித்துக் கையெழுத்திட்டுத் திருப்பவும் என்று. திரும்பி வரும் வழியில் காளை அதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் போனான். உத்தரவில் இரண்டு பிழை. இரண்டும் பச்சையில் திருத்தியிருந்தது. கீழே கத்தரிப்பூவில் கையெழுத்து. சிவப்பில் ஒன்றும் இல்லை.