நாலாயிரத்து எழுநூறு ரூபாய் பேட்டரி

லலிதாம்பாள் தன் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்கு அந்த வாரம் போவன்பள்ளியில் விலை நாலாயிரத்து எழுநூறு ரூபாய். பழைய பேட்டரியைக் கொடுத்துவிட வேண்டும். அவள் கணவர் ஜெகதீஸ்வரன் நாலாயிரத்து இருநூறுக்குக் கேட்டார்.

அது எதற்கான விலை என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நாலாயிரத்து ஐந்நூறில்தான் வந்து நின்றிருப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தெலுங்குச் சீமையின் கன்டோன்மென்ட் பட்டாளத்துக்குக் காய்கறி கொடுக்க வந்த தமிழ்க் குடும்பம். இப்போது போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளிக் கமிஷன் மண்டி. பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தே அடியில் இருக்கும் பழம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். ஆனால் மனுஷர்கள் விஷயத்தில் அவருக்கு ஒரே சூத்திரம்தான்: எச்சரிக்கை செய்கிறவன் விலையை ஏற்றப் பார்க்கிறான். லாரிக்காரன் மழை வரும் என்றால் வாடகை கூடப்போகிறது. டாக்டர் ரத்தக்கொதிப்பு என்றால் இன்னும் மூன்று டெஸ்ட் எழுதப்போகிறார்.

பேட்டரிக்கடை குணசேகரன் வேலூர்ப் பக்கத்து ஆள். ஜெகதீஸ்வரனின் கார் பானெட்டைத் திறந்து பார்த்தவன் உடனே மூடவில்லை.

"ரெண்டு வாரமா சாவி போட்டா இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகுதா சார்?"

"இப்பல்லாம் எதுதான் உடனே கிளம்புது? எம் பொண்டாட்டி கூடத்தான்."

"சாவி திருப்பும்போது லைட் மங்குதா?"

"கொஞ்சம்."

"முனையில பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கு பாருங்க. பக்கத்துல தொட்டுப் பாருங்க, உப்பிப் போச்சு." மீட்டரை மாட்டிக் காட்டினான். முள் சரிந்து விழுந்தது. "மழை, குளிர்லதான் பேட்டரி சாவும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இந்த ஊர்ல வெயில்தான் கொல்லுது. உள்ள இருக்கற தண்ணி வத்திப்போகுது. நீங்க வேற தெனமும் மார்க்கெட்ல தகரக் கொட்டகைக்குப் பக்கத்துல நிறுத்தறீங்க. நாலு வருஷம் வந்ததே பெரிசு. இது எந்தக் காலையிலயும் கையை விரிச்சிடும்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே ஜெகதீஸ்வரனுக்குச் சந்தேகம் வந்தது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஆரம்பித்த குணசேகரன் எழுநூறுக்கு இறங்கி, அங்கேயே நின்றான்.

"நாலு இருநூறு. இல்லேன்னா நக்கோ, வேணாம்."

"எனக்கே அந்த விலைக்கு வராது சார்."

ஜெகதீஸ்வரன் எழுந்து நடந்தார். மார்க்கெட் வழக்கப்படி கடைக்காரன் நாலாவது அடியில் கூப்பிட வேண்டும். ஏழாவது அடி வரைக்கும் மெதுவாகவே நடந்து பார்த்தார். கூப்பிடவில்லை. சரி, மூன்றாம் நாள் போனால் தானே இறங்குவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை எட்டேமுக்காலுக்கு மௌலா அலியிலிருந்து மைத்துனன் கிருஷ்ணகுமார் ஃபோன் செய்தான். அம்மா ஏழு மணிக்குப் போய்விட்டாள். மே மாத வெயில். ஐஸ் பெட்டி எங்கேயும் கிடைக்கவில்லை. பத்தரைக்கு வைகுண்ட ரதம் வருகிறது. அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்த வண்டி. அதுவரை உடம்பு தாங்காது.

லலிதாம்பாள் அழுவதற்குக்கூட உட்காரவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வண்டி ஏறுவதற்குள் வீட்டிலேயே வாய்க்கரிசி போட்டால்தான் உண்டு. புடவை மாற்றிக்கொண்டு கீழே வந்தபோது கணவர் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். டக். டக். டக்.

"நான் கேப் போடறேங்க."

போட்டாள். அறுநூற்று நாற்பது காட்டியது. ஜெகதீஸ்வரன் எட்டிப் பார்த்தார்.

"பதிமூணு கிலோமீட்டருக்கா? கொள்ளைக்காரப் பசங்க. கேன்சல் பண்ணு. சாய் கிட்ட ஒயர் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்."

அவள் கேன்சல் பண்ணவில்லை. அவரே ஃபோனை வாங்கி, கேன்சல் செய்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரத்துக்கு நாற்பது ரூபாய் பிடித்தார்கள். அதற்கும் திட்டினார்.

பக்கத்து வீட்டுச் சாய்குமார் தமிழர்கள் தெருவிலேயே வளர்ந்த தெலுங்குப் பையன். இப்போது அவனே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். குளித்துக்கொண்டிருந்தவன் வந்து, தன் காரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒயர் மாட்டி இன்ஜினை உயிர்ப்பித்தபோது மணி ஒன்பதரை.

"அங்கிள், பந்த் நக்கோ கரோ. அரை மணியாவது ஓடணும். எங்கயும் ஆஃப் பண்ணாம நேரா போங்க. ஏசியும் வேணாம்."

"ஹவ், ஹவ், சரிப்பா."

ஜன்னல்களை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். உள்ளே வந்தது காற்று இல்லை, அனல். மெட்டுகூடாவில் பூக்கடையைப் பார்த்ததும் ஜெகதீஸ்வரன் ஓரங்கட்டினார். ஒரே மாப்பிள்ளை மாலை இல்லாமல் போய் நிற்பதா? இருபது நிமிஷம் ஓடியாகிவிட்டது. அரை மணி என்று சாய்குமார் சொன்னான் என்றால் அதில் பாதி அவன் சேர்த்து வைத்துக்கொண்டது. உலகத்தில் எவன்தான் அடக்க விலையைச் சொல்கிறான்? பதினைந்து நிமிஷமே போதும்; ஐந்து நிமிஷம் அதிகமாகவே கொடுத்தாகிவிட்டது. சும்மா நிற்கிற வண்டிக்குப் பெட்ரோல் எதற்கு? சாவியைத் திருப்பினார்.

"சாய் என்ன சொன்னான்?" என்றாள் லலிதாம்பாள்.

"எனக்குத் தெரியும்."

ரோஜா மாலை ஐந்நூறு. இவர் இருநூறில் ஆரம்பித்தார். பூக்காரி எழவு வீட்டுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் விலை இறங்க மறுத்தது. இரண்டு முறை திரும்பி நடந்தார். இரண்டு முறையும் கூப்பிட்டாள். இங்கேயாவது வழக்கம் தெரிந்தவள் இருக்கிறாளே என்று மனதுக்குள் ஒரு சின்னத் திருப்தி. முந்நூற்று இருபதுக்கு முடிந்தது. பதினோரு நிமிஷம்.

டக். டக்.

அடுத்த திருப்புக்கு அதுவும் இல்லை.

கிருஷ்ணகுமார் ஃபோனில் வந்தான். "எங்க இருக்கீங்க அத்தான்?"

"வந்துட்டோம்ப்பா. மௌலா அலி திரும்பிட்டோம். அஞ்சே நிமிஷம்."

லலிதாம்பாள் இறங்கிப் போய்ச் சாலையில் நின்றாள். ஓர் ஆட்டோ நின்றது. முந்நூறு என்றான். அவள் ஏறக் காலை வைத்தாள். பின்னாலிருந்து ஜெகதீஸ்வரனின் வாய் தானாகத் திறந்தது. அவர் அதைத் திறந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

"முந்நூறா? நூத்தம்பது குடுப்போம், சல், கிளம்பு."

ஆட்டோக்காரன் சாவு வீட்டு முகத்தையும் பார்க்கவில்லை, மாலையையும் பார்க்கவில்லை. கியரைத் தட்டிப் போய்விட்டான். இவள் கால் தரையில் நின்றது. அடுத்த ஆட்டோ கிடைக்கும்போது பத்தரை. அவள் விலை கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவள் ஃபோன் இவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

உடனே அது அடித்தது. கிருஷ்ணகுமார்தான். ஜெகதீஸ்வரன் எடுத்தார். "கிளம்பிட்டாப்பா. சரியா இருபது நிமிஷம். இது நிஜம். ரதத்தைப் பிடிச்சு வை." தன் ஆயுசில் தள்ளுபடி இல்லாமல் அவர் சொன்ன முதல் எண் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு குணசேகரனைக் கூப்பிட்டார். ஸ்கூட்டரில் பேட்டரியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். மாற்றினான். முனையில் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை.

"எவ்வளவு?"

"சொன்னதுதான் சார். நாலு எழுநூறு."

இவ்வளவு தூரம் வந்ததற்கு ஆயிரம் கூடக் கேட்டிருந்தால் ஜெகதீஸ்வரனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏமாந்தவனாகவாவது ஆகியிருக்கலாம். நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பியது.

மௌலா அலி குவார்ட்டர்ஸில் கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் வழியே தண்ணீர் ஓடி வந்து அவர் செருப்பை நனைத்தது. கிருஷ்ணகுமாரின் மனைவி சௌம்யா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"பத்து நாப்பதுக்கு எடுத்துட்டாங்க அண்ணா. அக்கா பத்து அம்பதுக்கு வந்தாங்க."

"இருபது நிமிஷம்னு சொன்னேனேம்மா. சரியா இருபது."

"சொன்னீங்க. அஞ்சே நிமிஷம்னும் சொல்லியிருந்தீங்க. வண்டிக்காரர் கத்த ஆரம்பிச்சிட்டார். அத்தான் இருபதுன்னா ஒரு மணி நேரம்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா? பத்து நிமிஷம் பாத்தார், எடுத்துட்டார்."

லலிதாம்பாள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். அழுத முகம் இல்லை. வலது கையை மூடி மடியில் வைத்திருந்தாள். வந்த வேகத்தில் தட்டிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டுதான் உள்ளே ஓடினாளாம். கூடம் காலியாக இருந்ததாம். அதிலிருந்து கையைத் திறக்கவில்லை என்றாள் சௌம்யா.

ஜெகதீஸ்வரன் மாலையோடு அவள் முன்னால் நின்றார். ரோஜாக்கள் காருக்குள்ளேயே வெந்து கருத்திருந்தன.

"லலிதா" என்றார். மாலையை இன்னொரு கைக்கு மாற்றினார். "பேட்டரி மாத்திட்டேன்."

அவள் மாலையைப் பார்த்தாள். மண்டியில் சாயங்காலம் கணக்கு ஒப்பிக்கிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"கேப்ல அறுநூத்தி நாப்பது மிச்சம். கேன்சலுக்கு நாப்பது போச்சு. மாலையில நூத்தி எம்பது வந்துச்சு. ஆட்டோவுக்கு நான் முந்நூறு குடுத்தேன். போக, நிகரம் நானூத்தி எம்பது. சரியா இருக்கா, பாத்துக்குங்க."

சரியாக இருந்தது.

அவர் கையைப் பிடித்து விரித்தாள். தன் கையைத் திறந்து, வியர்வையில் ஒட்டிக் கிடந்த அரிசியை ஒரு மணி விடாமல் அவர் உள்ளங்கையில் வழித்துப் போட்டாள்.

"பாக்கி, ஒரு பிடி அரிசி" என்றாள். "எழுதிக்குங்க."